எந்த மரம், ஐயா?



சென்ற மாதம் நம் ஆலயக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. வளாகத்தின் கிழக்குப் பக்கத்தைச் சமன்செய்து, கல் பதித்து, வாகனங்கள் நிறுத்த இடம் உண்டாக்குவது. அதற்காக அங்குள்ள சில மரங்களை அகற்றுவது என்பதே அது. ஞாயிறுதோறும் நாம் தெருவில் நிறுத்தும் வண்டிகளால் அக்கம்பக்கத்தாருக்கு உண்டாகும் தொல்லையை நான் அறிவேன். ஆகவே தயங்காமல் கையெழுத்திட்டேன். வெளியே வந்தபோது, ஆலயத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்கிற மூத்த சகோதரி என்னை நிறுத்தி, "எந்த மரம், ஐயா?" என்று கேட்டார்.

என்னால் சொல்ல முடியவில்லை. நான்கு ஆண்டுகளாக, ஆராதனை முடிந்ததும் அந்த நிழலில் நின்றுதான் உங்களோடு கைகுலுக்கி வருகிறேன். ஆயினும் வேம்பு ஒன்றைத் தவிர வேறெதன் பெயரும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினார்: புங்கை, பூவரசு, நுணா. பெயர் தெரியாத ஒன்றை அகற்றக் கையெழுத்திடுவது எவ்வளவு எளிது என்பதை அன்று உணர்ந்தேன். அந்த உணர்வே இவ்வாரச் சிந்தனையாயிற்று.

ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தை நீங்கள் அறிவீர்கள். தேவன் உயிரினங்களை ஆதாமிடத்தில் கொண்டுவந்து, அவன் அவைகளுக்கு என்ன பெயரிடுவான் என்று பார்த்தார். ஆனால் செடிகொடிகளுக்கு ஆதாம் பெயரிட்டதாக அங்கே எழுதப்படவில்லை. தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வேண்டிய பொறுப்பே அவனுக்குக் கொடுக்கப்பட்டது. தாவரங்களுக்குப் பெயரிடும் வேலையை மனிதகுலம் அதன்பின் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்திருக்கிறது. சாலொமோன் லீபனோனின் கேதுரு தொடங்கிச் சுவரில் முளைக்கும் ஈசோப்பு வரை மரஞ்செடிகளைக் குறித்துப் பேசினான் என்று இராஜாக்களின் முதலாம் புத்தகம் கூறுகிறது. அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,000 புதிய தாவர இனங்கள் பெயர் பெறுகின்றன.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு தாவரத்துக்கும் இரண்டு சொற்களால் ஆன பெயரைக் கொடுத்தார். 1789இல் பிரான்சு நாட்டு ஜுஸ்ஸியூ, பல உறுப்புகளின் ஒற்றுமையை ஒருங்கே சீர்தூக்கி, தாவரங்களை நூறு குடும்பங்களாகத் தொகுத்தார். இங்கிலாந்தில் பெந்தமும் ஹூக்கரும் 1862 முதல் 1883 வரை உழைத்து வித்துத் தாவரங்களின் குடும்பங்களை ஏறத்தாழ இருநூறாக வகுத்தார்கள். மரபணுச் சான்றுகளைக் கொண்டு 2016ஆம் ஆண்டில் வெளியான பட்டியல், பூக்கும் தாவரங்களை மட்டும் 416 குடும்பங்களாக வகுத்துள்ளது. எவரும் முன்னவரின் வேலையை அழித்துவிட்டுத் தொடங்கவில்லை. முன்னவர் பிழைபட்ட இடத்தைத் திருத்தி, மற்றதை நன்றியோடு ஏற்றுக்கொண்டார்கள்.

தாமரையையும் அல்லியையும் எண்ணிப்பாருங்கள். இரண்டும் குளத்தில் வேரூன்றி, நீர்மேல் இலை விரித்து, அழகிய மலர் தருகின்றன. இவை உடன்பிறப்புகள் என்றே எவரும் சொல்வர். பெந்தமும் ஹூக்கரும் அப்படியே எண்ணி இரண்டையும் ஒரே குடும்பத்தில் சேர்த்தார்கள். மரபணுச் சான்று வேறு சொல்லிற்று. தாமரைக்கு நெருங்கிய உறவு அல்லி இல்லையாம். தரையில் ஓங்கி வளரும் பிளேன் மரமாம்! முகத்தோற்றத்தைப் பார்க்கிற மனிதனுக்கும் இருதயத்தைப் பார்க்கிற கர்த்தருக்கும் உள்ள வேறுபாட்டைச் சாமுவேலுக்குக் கற்றுக்கொடுத்த நம் தேவன், குளத்து மலர் ஒன்றிலும் அதே பாடத்தை எழுதிவைத்திருக்கிறார் என்றே நான் நினைக்கிறேன்.

இந்த வேலையில் நம் மண்ணுக்கும், நம் திருச்சபை வரலாற்றுக்கும் பங்குண்டு. லின்னேயஸின் மாணவரான கோனிக் என்னும் மருத்துவர் 1768இல் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்து சேர்ந்தார். நோயாளிகளைக் கவனித்ததோடு செடிகளையும் திரட்டினார். நாம் அன்றாடம் தாளிதத்தில் இடும் கறிவேப்பிலைக்கு 1771இல் லின்னேயஸ் சூட்டிய அறிவியல் பெயரில் கோனிக்கின் பெயர் நிற்கிறது. எலுமிச்சையும் வில்வமும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்; மூன்றின் இலையையும் கசக்கி முகர்ந்தால் அந்த உறவு உங்களுக்கே ஓரளவு புலப்படும்.

1776இல் அதே தரங்கம்பாடிக்கு வந்த போதகர் ராட்லர், அறுபது ஆண்டுகள் இந்நாட்டில் ஊழியம் செய்து 1836இல் சென்னை வேப்பேரியில் மரித்தார். தமிழ் அகராதி ஒன்றைத் தொகுத்தவரும் இவரே. சொற்களைத் திரட்டிய அதே கரங்களால் செடிகளையும் திரட்டி, உலர்த்தித் தாளில் பதித்தார். சிவப்புச் சாயப்பொடி தரும் ஒரு மரத்தின் பேரினத்துக்கு அவரைக் கனப்படுத்தி ராட்லெரா என்று பெயரிட்டார்கள். பிற்கால ஆய்வில் அம்மரம் வேறொரு பேரினத்தைச் சேர்ந்ததென்று கண்டு, அந்தப் பெயரை நீக்கிவிட்டார்கள். அவர் உலர்த்திய செடிகளோ இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவில் இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகின்றன. அவருக்குக் கிடைத்த புகழ் நீங்கிற்று. அவர் செய்த வேலை நிலைத்தது. ஊழியக்காரனாகிய எனக்கு இது ஆறுதலும் எச்சரிப்புமாய் இருக்கிறது.

"இப்பெயர்கள் எல்லாம் அயலார் இட்டவை, கறிவேப்பிலைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். செடியைக் காட்டிக்கொடுத்த உள்ளூர் மக்களின் பெயர்கள் பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. பெயரிடும் அதிகாரம் ஆளுகிறவர்களின் கையில் இருந்த காலத்தில் புண்படுத்தும் சொற்களும் அறிவியல் பெயர்களுக்குள் புகுந்துவிட்டன. ஆயினும் 2024ஆம் ஆண்டு ஜூலையில் ஸ்பெயின் நாட்டு மத்ரீத் நகரில் கூடிய தாவரவியலாளர்கள் ஒரு நற்காரியம் செய்தார்கள். ஆப்பிரிக்கக் கறுப்பின மக்களை இழிவாகக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த "காஃப்ரா" என்னும் பெயரை "ஆஃப்ரா" என்று மாற்ற வாக்களித்தார்கள். ஒரேயோர் எழுத்தின் மாற்றத்தால் இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்களிலிருந்து இழிவு நீங்கிற்று. மனந்திரும்புதல் ஏட்டளவிலும் நடக்கக்கூடியது என்பதற்கு இது சாட்சி. சாதியைச் சொல்லி மனிதரை அழைக்கும் பழக்கத்தை இன்னும் முற்றிலும் விடாத நாம் இதைக் கண்டு வெட்கப்பட வேண்டும்.

ஆகவே என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெயரிடுதல் உடைமை கொண்டாடுவதற்கு உரியதன்று. ஒன்றை உற்றுப்பார்த்து, அதன் உறவுகளை அறிந்து, தவறாயிருந்தால் திருத்திக்கொள்வதே பெயரிடுதல். அப்படி உற்றுப்பார்க்காமல் ஓர் உயிரைக் குறித்து முடிவெடுக்க நமக்கு உரிமையில்லை. நம் வளாகத்துப் பூவரசு, நீங்கள் சமைக்கும் வெண்டையின் குடும்பம். புங்கை, துவரையின் உறவு. நுணா, நீங்கள் காலையில் அருந்தும் காப்பியின் உறவு. "சில மரங்கள்" என்று நாம் எழுதிய தீர்மானத்துக்குள் இத்தனை உறவுகள் மறைந்திருந்தன.

கமிட்டிச் செயலாளரிடம் என் கையெழுத்தைச் சற்று நிறுத்திவைக்கக் கேட்டிருக்கிறேன். வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் எல்லாரும் கிழக்குப் பக்கத்துக்கு வாருங்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகம் கொண்டுவரட்டும். மூத்தோர் தங்களுக்குத் தெரிந்த பெயர்களைச் சொல்லட்டும். ஒவ்வொரு மரத்தின் பெயரையும், குடும்பத்தையும், அதில் கூடு கட்டியுள்ள பறவையையும் எழுதுவோம். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் கூடி ஜெபித்துத் தீர்மானிப்போம். அப்போதும் வாகன இடமே வேண்டும் என்று சபை முடிவெடுத்தால், நான் கட்டுப்படுவேன். எதை இழக்கிறோம் என்று அறிந்தாவது இழப்போம்.

இன்னொன்றையும் அறிக்கையிட வேண்டும். மரங்களின் பெயரைச் சொன்ன அந்தச் சகோதரியை இந்த நான்கு ஆண்டுகளும் "அம்மா" என்றே அழைத்துவந்தேன். பெயரைக் கேட்டதே இல்லை. தம் ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடும் நல்ல மேய்ப்பனைக் குறித்து எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன்! அன்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவரது அனுமதியின்றி அதை இங்கே எழுதவில்லை. ஞாயிறன்று நீங்களே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.