கமிட்டி போட்டால் கோயில் நடக்குமா?

முப்பத்தாறு வருஷம் புதுச்சேரி சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவன் நான். ஒரு வேலை நடக்காமல் இருக்க என்ன வழி என்று என்னைக் கேட்டால் உடனே சொல்வேன்: அதற்கு ஒரு கமிட்டி போடுங்கள். கோப்பு மேசை மேசையாக நகரும், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், வேலை அப்படியே கிடக்கும். இந்த வித்தை சர்க்காருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஓய்வு பெற்று, பங்குப் பேரவைச் செயலாளராக உட்கார்ந்த பிறகுதான் கோயிலுக்கும் தெரியும் என்று புரிந்தது.

எங்கள் பங்கில் பதினொரு சபைகளும் குழுக்களும் உண்டு. சாமியார் மாறும்போதெல்லாம் புதிதாக ஒன்று சேரும். பழையது கலைந்ததாகச் சரித்திரம் இல்லை.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு விதவை அம்மாள் இடுப்பு முறிந்து படுத்துவிட்டார். தினமும் காலைப் பூசைக்கு நடந்து வந்தவர். வீட்டுக்கு நன்மை கொண்டுவரச் சொல்லி அன்பியத் தலைவியிடம் கேட்டார். தலைவி நோயாளர் பணிக்குழுவிடம் சொன்னார். அவர்கள், மரியாயின் சேனை போய்ப் பார்க்கும் என்று இருந்துவிட்டார்கள். சேனைக்காரர்களோ, பட்டியல் கோயில் அலுவலகத்திலிருந்து வரட்டும் என்று காத்திருந்தார்கள். நான்கு மாதம். பேரவையில் இரண்டு முறை இந்தப் பேச்சு வந்தது. இரண்டு முறையும் 'ஆவன செய்யப்படும்' என்று குறிப்பேட்டில் எழுதிய கை இந்தக் கைதான்.

பிரெஞ்சில் 'ஓன்' என்று ஒரு பிரதிப்பெயர் உண்டு. நாம், அவர்கள், யாரோ என்று எல்லாமாகவும் இருக்கும். குறிப்பாக ஒருவராக மட்டும் இருக்காது. பள்ளியில் அதைப் படித்தபோது சௌகரியமான சொல் என்று தோன்றியது. நம் கூட்டங்களில் எழுவாய் எப்போதும் இந்த 'ஓன்' தான்.

அம்மாள் ஐந்தாம் மாதம் இறந்துபோனார். கடைசி இரவில் அவஸ்தைப் பூசுதலாவது கிடைத்தது. அடுத்த வீட்டு இந்துப் பையன் சைக்கிளில் போய்ச் சாமியாரைக் கூட்டி வந்தான். அடக்கத்துக்குப் பதினொரு சபைகளும் மாலையோடு வந்தன.

இதற்குத் தலைமைப் பயிற்சி முகாம் வேண்டும் என்கிறார்கள் சிலர். போன வருஷமும் நடந்தது, பிரியாணியோடு. வேதத்தைத் திறந்தால் போதாதா? காலை முதல் மாலை வரை தனியாக வழக்குத் தீர்த்த மோசேயிடம், இப்படியே போனால் நீயும் ஜனங்களும் சோர்ந்துபோவீர்கள் என்று மாமனார் எத்திரோ எச்சரித்தார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை நியமிக்கச் சொன்னார். அப்போஸ்தலர் காலத்தில் கிரேக்கம் பேசிய விதவைகள் பந்தியில் புறக்கணிக்கப்பட்டார்கள். பன்னிருவரும் சபையைக் கூட்டி, ஸ்தேவான் முதலிய ஏழு பேரைப் பெயர் சொல்லி நிறுத்தினார்கள். ஆய்வுக் குழு அமைக்கவில்லை.

1983ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்கச் சொல்வது நிதிக்குழு ஒன்றைத்தான். அது இருக்கட்டும், கணக்கைப் பூசை முடிவில் வாசிக்கட்டும். மற்றவற்றில் பாதியைக் கலைத்துவிட்டு, பத்து வீட்டுக்கு ஓர் ஆள் வையுங்கள். அவர் பெயர் கோயில் பலகையில் இருக்க வேண்டும். பொதுநிலையினர் நன்மை கொண்டுபோக ரோமாபுரி 1973இலேயே வழி செய்துவிட்டது. சாமியார் ஒருவரே எல்லாத் தெருவுக்கும் அலைய வேண்டியதில்லை. பேரவைக் குறிப்பில் 'செய்யப்படும்' என்ற சொல் வரக்கூடாது. யார், எந்தத் தேதிக்குள், இவ்வளவுதான். அடுத்த கூட்டம் அந்தத் தேதிகளை வாசித்துத் தொடங்கட்டும்.

சபைகளைக் கலைத்தால் பெரியவர்கள் மனம் நோகும் என்று என் நண்பரே கோபித்துக்கொண்டார். நோகட்டும் ஐயா. திருவிழாவில் கொடி பிடிக்கும் இடம் போய்விடுமே என்ற கவலை அது. நானும் அந்தக் கவலைப்பட்டவன்தான்.

செயலாளர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பதில் எங்கள் தெருவில் பத்து வீடு கேட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகள் பாரீசில். மூலை வீட்டு முசியேவுக்குக் காது மந்தம். மணியை நாலு தரம் அடிக்க வேண்டும்.