செருப்பு என்று எழுதக் கூசும் கை

அண்மைக்காலத்தில் வெளிவரும் அனுபவக் குறிப்புகளையும் பயணக் கட்டுரைகளையும் வாசிக்கும்போது ஒரு சொல் அடிக்கடி காலை இடறுகிறது: 'கிக்ஸ்'. பளபளக்கும் புதிய விளையாட்டுக் காலணி வாங்கியவர் அதை ஷூ என்று எழுதுவதில்லை, செருப்பு என்று நிச்சயமாக எழுதுவதில்லை. 'புதுக் கிக்ஸ் போட்டுக்கொண்டு கிளம்பினேன்' என்கிறார். தமிழில் 'கிக்' என்பது அரை நூற்றாண்டாகப் போதையைக் குறித்துவரும் சொல். புதுக்கோட்டை கீழராஜ வீதியில் நின்று இந்த வாக்கியத்தை உரக்க வாசித்தால், கேட்பவர் முகத்தில் வருவது வியப்பல்ல, அனுதாபம்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் கடைசிச் சிப்பாய் அல்லன். ஷூ, பூட்ஸ், ஹவாய்ச் செருப்பு எல்லாம் தமிழ்ச் சொற்களே என்பது என் கட்சி. ஈழத்தமிழர் சப்பாத்து என்கிறார்கள். போர்த்துகீசியரிடமிருந்து வந்த அச்சொல் நானூறு ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து மண்ணில் நடந்து நடந்து தேய்ந்து தமிழாகிவிட்டது. இவையெல்லாம் பொருளோடு சேர்ந்து வந்த பெயர்கள். பொருள் கடைக்கு வந்தது, பெயரும் வந்தது, எல்லோரும் சொன்னார்கள். 'கிக்ஸ்' அப்படி வரவில்லை. இங்கே பொருள் முன்பே இருக்கிறது, பெயரும் இருக்கிறது. அதன்மேல் இன்னொரு பெயர் ஒட்டப்படுகிறது, யார் உள்ளே, யார் வெளியே என்று காட்டுவதற்காக.

கொச்சை என்பது ஒரு தெருவின் சொத்து. அமெரிக்க நகரங்களின் கறுப்பின இளைஞர்கள் கூடைப்பந்து மைதானத்திலும் ராப் பாட்டிலும் அந்தச் சொல்லைப் புழங்கியபோது அதற்குப் பின்னால் ஒரு வறுமை, ஒரு வீம்பு, ஒரு போட்டி இருந்தது. இங்கே கொண்டுவரப்படும்போது தெரு உதிர்ந்துவிடுகிறது, விலைச்சீட்டு மட்டும் மிஞ்சுகிறது.

ஆனால் இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. இந்த எழுத்தாளர்கள் எதை நோக்கிப் போகிறார்கள் என்பதல்ல, எதிலிருந்து ஓடுகிறார்கள் என்பது. அவர்கள் ஓடுவது செருப்பு என்ற சொல்லிலிருந்து.

நம் மொழியில் செருப்பு ஒரு வசை. அடிப்பதற்கு ஓங்கப்படுவது, வாசலுக்கு வெளியே கிடக்க வேண்டியது, தோலோடும் தோலைத் தொட்டவர்களோடும் சேர்த்து ஒதுக்கப்பட்டது. ஆகவே மரியாதையான இடங்களில் அதற்கு மாற்றுப்பெயர் தேடினோம். தெய்வம் அணிந்தால் பாதுகை. அரங்கனின் பாதுகைக்கு வேதாந்த தேசிகர் வடமொழியில் ஆயிரம் செய்யுள் பாடினார். அரசர் அணிந்தால் பாதரட்சை, துறவி அணிந்தால் பாதக்குறடு, பாடநூலில் காலணி. மனிதன் சாலையில் போட்டுக்கொண்டு போனால்தான் செருப்பு. சொற்களுக்குள்ளேயே ஒரு வருணப் படிநிலை! 'கிக்ஸ்' இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்த பாதரட்சை, அவ்வளவுதான். நவீனம் என்று நினைத்துக்கொண்டு மிகப் பழைய காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பழந்தமிழுக்கு இந்தக் கூச்சம் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வணிகரின் காலணியை 'அடிபுதை அரணம்' என்கிறார், ஆயனுடையதைத் 'தொடுதோல்' என்கிறார். அதோடு நிற்கவில்லை. செருப்புப் பழகிய ஆயனின் பாதத்தில் விழுந்திருந்த வடுவையும் பார்த்து எழுதியிருக்கிறார். காலணியைப் பற்றி எழுதுவது என்றால் இது. அணிந்தவனின் தொழில், நடந்த தூரம், தோல் உரசிய தழும்பு, மூன்றும் ஒரே இடத்தில். நம் கிக்ஸ் கட்டுரைகளில் பாதமே இருப்பதில்லை.

இன்னும் அருகில் வருவோம். நம் மாவட்டத்து ஆவுடையார்கோயில்தான் திருப்பெருந்துறை. மாணிக்கவாசகர் குருவருள் பெற்றதாகச் சொல்லப்படும் தலம். அவர் திருவாசகத்தில் கண்ணப்பரைப் பாடும்போது அந்த வேடனின் அடியைச் செருப்போடு சேர்த்தே சிறப்பிக்கிறார். பாதுகை என்று மெருகேற்றவில்லை. சிவலிங்கத்தின்மேல் பட்ட காலணிக்குச் செருப்பு என்ற சொல் போதுமானதாக இருந்தது. காப்பிக் கடைக்குப் போட்டுக்கொண்டு போவதற்கு அது போதவில்லை என்கிறார்கள்!

"நடையைப் பற்றிய உல்லாசமான குறிப்பில் இத்தனை கனம் எதற்கு?" என்று கேட்கலாம். செருப்பு நம் பகுதியில் என்றுமே உல்லாசமான பொருளாக மட்டும் இருந்ததில்லை. அப்போது சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டையை ஒட்டிய இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில், ஆதிக்கச் சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஜே. எச். ஹட்டன் இந்தியச் சாதிகள் பற்றிய தம் 1946ஆம் ஆண்டு நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கநகை கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது, சட்டை கூடாது, ஆண்கள் குடை பிடிக்கவோ செருப்பு அணியவோ கூடாது. மேல்தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர்களின் நினைவு இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது.

அந்தக் குடும்பத்துப் பேரன் இன்று ஐயாயிரம் ரூபாய்க்குக் காலணி வாங்கி, வெள்ளை மங்காமல் துடைத்து அணிந்து, அதே தெருவில் நடந்தால் நான் எழுந்து நின்று பார்ப்பேன். அவன் அதைக் கிக்ஸ் என்றோ வேறெப்படியோ அழைத்துக்கொள்ளட்டும், பேச்சு அவனுடையது. அலங்காரம் அற்பமானது என்று சொல்பவர்கள், அது யாருக்கெல்லாம் மறுக்கப்பட்டது என்று பார்க்காதவர்கள். என் சண்டை எழுதுபவரோடு மட்டும். அந்த நடையை எழுத உட்காரும்போது, அதில் என்ன நடந்தது என்பதைச் சொல்லும் சொல் செருப்புதான். 'செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தான்' என்பதில் தொண்ணூறு ஆண்டு இருக்கிறது. 'கிக்ஸ் போட்டுக்கொண்டு நடந்தான்' என்பதில் ஒரு விளம்பரம் இருக்கிறது.

நம் நாவலாசிரியர்கள் இதை அறிந்திருந்தார்கள். பூமணியின் 'பிறகு' (1979) செருப்புத் தைக்கும் அழகிரியின் வாழ்க்கையைச் சொல்கிறது. டி. செல்வராஜின் 'தோல்' (2010) திண்டுக்கல் தோல் ஷாப்புகளுக்குள் நம்மை இறக்குகிறது. தோலின் நாற்றத்தை எழுதிக்காட்டிய மொழிக்கு, தைத்து முடித்த காலணியின் பெயரைச் சொல்ல நாக்கூசுவது விசித்திரம். இன்று செய்யாற்றிலும் பெரம்பலூரிலும் உலகச் சந்தைக்கான காலணிகளைப் பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள்தான் தைக்கிறார்கள். நம் கட்டுரையாளர் அமெரிக்கப் பெயரிட்டு மெச்சும் ஜோடி, அவருடைய அத்தை மகள் தைத்ததாகவும் இருக்கலாம்.

ஆக, உல்லாசமான சொல் வேண்டும் என்பதுதான் கோரிக்கை என்றால், அதற்கும் பஞ்சமில்லை. பழைய டயரில் அறுத்த டயர் செருப்பு உண்டு. லாடம் அடித்த பூட்ஸ் உண்டு. நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கிறீச்சிட்டுக்கொண்டு வரும் தோல் செருப்பு உண்டு. அதன் சத்தமே அந்தக் காலத்து ஸ்டைல். தென்மாவட்டங்களில் செருப்புக்கு 'நடையன்' என்று ஒரு பெயர் இருக்கிறது. பொருளுக்கு ஆள்பெயர் வைத்துக் கூடவே நடக்கவிட்டிருக்கிறார்கள். இதைவிடக் குறும்பான ஒரு கொச்சையை யாரேனும் கொண்டுவந்தால், அடுத்த கட்டுரையில் நானே பயன்படுத்துகிறேன்.