கல்லூரி மாறினால் தண்டனையா?

அமெரிக்கக் கல்லூரிகளில் கூடைப்பந்தும் அமெரிக்கக் கால்பந்தும் பெரிய திருவிழா. ஆட்டத்தைப் பார்க்கப் பல்லாயிரம் பேர் திரளுவார்கள்.

அங்கே நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. இந்த ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிக்கு மாறினால், ஓர் ஆண்டு போட்டியில் இறங்கக் கூடாது. படிக்கலாம், பயிற்சி பெறலாம். ஆனால் ஆடக் கூடாது!

பயிற்சியாளருக்கு இந்தத் தடை கிடையாது. அதிகச் சம்பளம் கிடைத்தால் அவர் மறுநாளே வேறு கல்லூரிக்குப் போகலாம். அவரை நம்பி வந்த மாணவனுக்கு மட்டும் தண்டனை. இது என்ன நியாயம்?

2021-ல் விதி தளர்ந்தது. ஒரு முறை மாறினால் உடனே ஆடலாம் என்றார்கள். 2023-ல் சில மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. 2024 ஏப்ரலில், எத்தனை முறை மாறினாலும் ஆடலாம் என்று கல்லூரி விளையாட்டுச் சங்கம் அறிவித்தது. படிப்பில் தேறியிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

தடை நீங்கியது நல்லதே. ஆனால், படிப்பு?

ஒரு கல்லூரியில் தேறிய பாடங்களை எல்லாம் மறு கல்லூரி கணக்கில் சேர்ப்பதில்லை. ஆட்டத் தகுதிக்கோ, இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டப் படிப்பில் 100-க்கு 40 பங்கு முடிந்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80. அடிக்கடி மாறுகிறவன் இதில்தான் சறுக்குகிறான்.

ஆகவே, ஆட்டக்காரனை அழைக்கும் கல்லூரி, எந்தெந்தப் பாடம் சேரும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பெற்றோரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பந்தாட்டம் சில ஆண்டுகள்தான். பட்டம் ஆயுள் முழுவதும் சோறு போடும்!