கோப்பில் புதிய பாலம், ஆற்றில் பழைய பாலம்

குஜராத்தின் வதோதரா, ஆனந்த் மாவட்டங்களை இணைத்து மஹிசாகர் ஆற்றின் குறுக்கே நின்ற கம்பீரா பாலத்தின் ஒரு பகுதி 2025 ஜூலை 9 காலையில் இடிந்து விழுந்தது. லாரிகளும் இருசக்கர வாகனங்களும் ஆற்றில் வீழ்ந்தன. 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1980களின் நடுவில் கட்டப்பட்ட பாலம் அது. நாற்பது வயது ஒரு கான்கிரீட் பாலத்துக்கு முதுமையே அல்ல.

இதை விபத்து என்று எழுதி முடித்துவிட முடியாது. பாலத்தின் நிலை குறித்து மாவட்டப் பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் 2022இலேயே எழுத்து மூலம் எச்சரித்திருந்தார். மாற்றுப் பாலம் தேவை என்பதை மாநில பாஜக அரசும் ஏற்றுக்கொண்டிருந்தது. 212 கோடி ரூபாய்க்கு ஒப்புதல், வடிவமைப்பு, டெண்டர் ஆயத்தம் என்று கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது. அதே நாட்களில் சௌராஷ்டிரத்துக்கும் தெற்கு குஜராத்துக்கும் இடையே ஓடும் கனரக லாரிகள் அந்தப் பழைய பாலத்தின்மீதே சென்றுகொண்டிருந்தன.

மாற்றுப் பாலம் வேண்டும் என்று முடிவெடுத்த நாளிலிருந்து அது திறக்கப்படும் நாள்வரை பழைய பாலம் எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்கிடுவது திட்டத்தின் பகுதி இல்லையா? உயரத் தடுப்பு அமைத்து லாரிகளை வேறு வழியில் திருப்பிவிட 212 கோடி தேவையில்லை. பாலத்தின் பீடமும் இணைப்பு மூட்டும் நசுங்கியதே காரணம் என முதற்கட்ட விசாரணையை மேற்கோள் காட்டி அமைச்சர் கூறினார். சாலையில் நின்று பார்த்தால் இவை கண்ணில் படா. பாலத்தின் அடிப்பகுதிக்கே சென்று கருவிகளோடு ஆராய வேண்டும். மேலே தார் ஊற்றிக் குழிகளை அடைத்துவிட்டுப் பராமரிப்பு என்று கணக்கெழுதும் வழக்கமோ குஜராத்துக்கு மட்டும் உரியதன்று.

பாட்னாவில் கங்கைமீது 1982இல் திறக்கப்பட்ட மகாத்மா காந்தி சேதுவும் சீர்கெட்டதுதான். ஐந்தரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலத்தில், ஒரு பக்கத்தின் கான்கிரீட்டை அகற்றி எஃகுச் சட்டகம் பொருத்தும்வரை மறுபக்கத்தில் போக்குவரத்தை நடத்தி, 2022இல் பணியை முடித்தார்கள். தாமதமும் நெரிசலும் ஏராளம். எனினும் போக்குவரத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டே பாலத்தைப் புதுப்பிக்கும் பொறியியல் திறன் இந்நாட்டில் உண்டு. குஜராத்தில் இல்லாமற்போனது அரசின் அக்கறை. மோர்பியில் 2022இல் தொங்குபாலம் அறுந்து 135 பேர் மாண்ட பிறகும் அது வரவில்லை.

கம்பீரா விழுந்ததும் நான்கு பொறியாளர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். தொடர்ந்து மாநிலமெங்கும் ஆய்வு நடத்தி நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்களை மூடினார்கள். அவையெல்லாம் ஜூலை 9க்குப் பிறகா பலவீனமடைந்தன? முந்தைய ஆய்வறிக்கைகளில் என்ன எழுதப்பட்டிருந்தது, அவற்றை யார் கிடப்பில் போட்டார்கள் என்பதை மக்கள் முன் வைக்க வேண்டும். இடைநீக்க உத்தரவு பொறியாளர்களோடு நின்றுவிடுகிறது. நிதியையும் முன்னுரிமையையும் தீர்மானிக்கும் அமைச்சரவையைத் தொடுவதில்லை.

ஒவ்வொரு நெடுஞ்சாலைப் பாலத்தின் முகப்பிலும், கடைசியாக ஆய்வு நடந்த தேதியையும் அனுமதிக்கப்பட்ட எடையையும் அம்மாநில மொழியில் எழுதிவைக்க வேண்டும். ஆய்வுப் பணியைக் குத்தகைதாரரிடம் விடாமல், பொதுப்பணித் துறைகளின் காலிப் பணியிடங்களை நிரப்பி, அவற்றின் பொறியாளர்களே செய்ய வேண்டும்.

ஆற்றின் இக்கரையில் வீடும் அக்கரையில் ஆலை வேலையுமாக வாழும் தொழிலாளர்கள் இனி நெடுந்தூரம் சுற்றித்தான் செல்ல வேண்டும். புதிய பாலம் எழும்வரை அவர்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துகளை மாநில அரசு உடனே இயக்க வேண்டும்.