வாழ்த்தும் வசையும்

“பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க” என்று மணமக்களை வாழ்த்துவது நம் மரபு. அந்தப் பதினாறு பேறுகளுள் ஒன்று மக்கட்பேறு. பிள்ளையைப் ‘பேறு’ என்று அழைத்த மொழி நம் மொழி. பெருமைப்படத்தக்க சொல்தான். ஆனால், அந்த ஒரு பேறு வாய்க்காதவரை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? வாழ்த்திய அதே வாய், ஈராண்டு கழிவதற்குள் வசைபாடத் தொடங்கிவிடுகிறது. ‘மலடி’ என்ற சொல்லும் நம் மொழியில்தான் வழங்குகிறது. ‘மலடன்’ என்ற சொல் அகராதியில் உண்டு. தெருவில் அதைக் கேட்பது அரிது. இந்த ஓரவஞ்சனையைப் பற்றியும், இதனோடு எச்.ஐ.வி. என்னும் நோய்க்கிருமியும் ஒரு வீட்டில் சேர்ந்துவிட்டால் விளையும் கொடுமையைப் பற்றியும் நம் மாணவ நண்பர்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

நம்மில் பெரும்பாலோர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சென்னையிலிருந்து டில்லிக்கு இரயிலேறுகிறவர்கள். வண்டி கூடூரைத் தாண்டுவதற்குள் பெட்டியில் உள்ளவர்கள் உறவு கொண்டாடத் தொடங்கிவிடுவர். இளந்தம்பதிகள் யாரேனும் இருந்தால், “கலியாணமாகி எத்தனை வருஷம் ஆச்சு, தம்பி? குழந்தைங்க எத்தனை?” என்ற கேள்வி கட்டாயம் பிறக்கும். “இன்னும் இல்லை” என்று விடை வந்தால், ஒருவர் கோயிலின் பெயரைச் சொல்வார். மற்றொருவர் லேகியத்தின் பெயரைச் சொல்வார். கேட்பவர் கெட்டவர் அல்லர். தம் கட்டுச்சோற்றில் பாதியைப் பிரித்துக் கொடுக்கும் நல்லவர். ஆயினும், “யாரிடம் குறை?” என்று அவர் வினவும்போது அவர் பார்வை கணவன் பக்கம் செல்வதில்லை, மனைவியின் முகத்தில்தான் போய் நிற்கிறது.

அறிவியல் என்ன சொல்கிறது? உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் குழந்தைப்பேற்றுத் தடைக்கு ஆளாகின்றனர். அத்தடைகளுள் ஏறக்குறைய பாதியில் ஆணின் உடல்நிலைக்கும் பங்கு உண்டு. நம் நாட்டிலோ, காசநோய்க் கிருமி கருப்பையிலும் கருக்குழாயிலும் தங்கிக் கேடு செய்வது குறிப்பிடத்தக்க காரணங்களுள் ஒன்று. இவற்றில் எது பாவம்? எது முன்வினை? ஆணுக்குச் செய்யவேண்டிய முதற்சோதனை எளியது. உடலுக்கு எவ்வித நோவும் இல்லாதது. அப்படியிருந்தும் மனைவி ஆண்டுக்கணக்கில் ஊசியும் மாத்திரையுமாக அலைந்த பிறகே பல வீடுகளில் கணவன் மருத்துவமனை வாசலை மிதிக்கிறான். அறிவுக் குறைவு மட்டும் இதற்குக் காரணமன்று. ஆண்மைக்கு இழுக்கு வந்துவிடுமோ என்ற அச்சமே காரணம்.

இனி, அந்த இரயில் தம்பதிகளுள் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதாக வைத்துக்கொள்வோம். துணைவருக்குத் தொற்றக்கூடாதே என்று அவர்கள் ஆணுறையைப் பயன்படுத்தி வருகிறார்கள். ஆகவே குழந்தை இல்லை. “யாரிடம் குறை?” என்ற கேள்விக்கு அவர்கள் என்ன விடை சொல்வார்கள்? உண்மையைச் சொன்னால், மறுநாளே வாடகை வீடு போகும். தனித் தட்டும் தனிக் குவளையும் வரும். சொல்லாவிட்டால், அந்தப் பெண் மலடிப் பட்டத்தைச் சுமக்கவேண்டும். குழந்தை இல்லை என்பதற்காக ஏசுகிற அதே ஊர், நோய் உண்டு என்று அறிந்ததும், “இவர்களுக்குக் குழந்தை ஒரு கேடா?” என்று கேட்கும். இல்லாமைக்கும் வசை, விரும்புவதற்கும் வசை! இரண்டுக்கும் அஞ்சி, மருத்துவரிடமும் வாய் திறவாமல், நடப்பது நடக்கட்டும் என்று துணிகின்ற தம்பதிகள் உண்டு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நோயைப் பரப்புவதில் கிருமிக்கு உள்ள பங்கு ஒன்று. ஊர் வாய்க்கு உள்ள பங்கு மற்றொன்று.

இத்தனைக்கும் மருத்துவம் கைவிரித்து நிற்கவில்லை. இந்தியாவில் இக்கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, நம்மைப் போல் ஒரு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா என்பவர் இரத்த மாதிரிகளைத் திரட்டி, வேலூருக்கு எடுத்துச் சென்று சோதித்தார். அன்று மருந்து இல்லை. அச்சத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் 1992-இல் இத்தாலிய மருத்துவர் செம்பிரினி, நோயுற்ற கணவரின் விந்தணுக்களைக் கழுவிப் பிரித்து, நோயற்ற மனைவியர்க்குக் கருவூட்டிய செய்தியை வெளியிட்டார். 1994-இல், கருவுற்ற தாய்க்கும் பிறந்த சேய்க்கும் மருந்து கொடுப்பதால் சேய்க்குத் தொற்றுவது மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது என்று ஓர் அமெரிக்க ஆய்வு காட்டிற்று. 2004 ஏப்ரலில் நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது.

இன்றைய நிலை என்ன? மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமியின் அளவு சோதனைக்கே தென்படாதவாறு குறைந்து, அந்நிலை நீடித்தால், உடலுறவின் வழியாகத் துணைவருக்கு நோய் பரவுவதில்லை. ஐரோப்பாவில் பல இணைகளைத் தொடர்ந்து கவனித்து 2016-இலும் 2019-இலும் முடிவுகளை வெளியிட்ட ஆய்வில், மருந்துண்ட துணைவரிடமிருந்து ஒரு தொற்றுகூட வந்ததாகக் காணப்படவில்லை. சிகிச்சையே இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தாயிடமிருந்து நோயைப் பெறக்கூடும். முறையான சிகிச்சை இருந்தால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே, மருத்துவரின் துணையோடு இத்தம்பதிகள் நலமான குழந்தையைப் பெறலாம்.

“பெற்றோரே நோயாளிகள், பிள்ளையை அநாதை ஆக்குவது அறமா?” என்று கேட்பவர் உண்டு. அது அக்கறையிலிருந்து எழும் கேள்வி. அதை எள்ளி ஒதுக்க நான் விரும்பவில்லை. ஆனால், தக்க காலத்தில் சிகிச்சை தொடங்கி ஒழுங்காக மருந்துண்பவர் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே நெடுநாள் வாழ்கிறார் என்பது இன்று தெளிவாகிவிட்டது. நீரிழிவுக்காரரையும் இருதய நோயாளியையும் பார்த்து இக்கேள்வியை நாம் கேட்கிறோமா? இல்லையே! அப்படியானால் நம்மைக் கேட்கத் தூண்டுவது குழந்தையின் மீதுள்ள அன்பா, நோயாளியின் ஒழுக்கத்தின் மீது நாம் கொண்ட ஐயமா?

மற்றொரு கேள்வியும் நேர்மையானது: “மணத்துக்குமுன் உண்மையை மறைக்கலாமா?” மறைக்கக்கூடாது. மணந்துகொள்ளும் இருவரிடையே ஒளிவு மறைவு தகாது. இருவரும் மனமொப்பிச் சோதித்துக்கொள்வது நன்று. ஆனால் துணைவருக்குச் சொல்வது வேறு; தெருவுக்குச் சொல்வது வேறு. 1998-இல் பெயர் வெளியிடப்படாத ஒருவரின் வழக்கில், இந்நோயுள்ளவரின் மண உரிமை நிறுத்திவைக்கப்பட்ட உரிமை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2002-இல் அதே நீதிமன்றம், மண உரிமை பற்றிய அந்தப் பொதுக்கருத்துகள் அவ்வழக்குக்குத் தேவையற்றவை என்று தெளிவுபடுத்தியது. 2017-இல் நாடாளுமன்றம் இயற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் இன்னும் முன்சென்றது. அறிந்து தந்த இசைவின்றி யாரையும் சோதித்தலாகாது. சட்டம் குறிக்கும் சில நிலைகள் தவிர, பிறருக்கு வெளியிடலாகாது. வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் வேற்றுமை காட்டலாகாது. கருவுற்ற பெண்ணுக்கு அவள் இசைவின்றிக் கருக்கலைப்போ கருத்தடையோ செய்யலாகாது என்கிறது அச்சட்டம்.

சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. மருந்து மருத்துவமனையில் இருக்கிறது. அவ்விரண்டையும் நாடிச் செல்லவொட்டாமல் தடுப்பது நம் நாக்கு. ஆகவே நாம் செய்யத்தக்கவை சிலவே. பிள்ளையில்லாதவரிடம் காரணம் கேளாதிருப்போம். நாளை நம் வீட்டில் அந்நிலை வந்தால், ஆண்மக்கள் சோதனைக்கு முதலில் செல்வோம். வளைகாப்பிலும் பெயர்சூட்டு விழாவிலும் குழந்தையற்ற சகோதரியைப் பின்னே நிறுத்தும் வழக்கத்தை, முதலில் நம் தாய்மாரிடமே எடுத்துச் சொல்லி மாற்றுவோம். விடுதியில் ஒருவரைப் பற்றி நோய்ச் செய்தி காதில் விழுந்தால், அது நம்மோடு நிற்கட்டும். அவர் தட்டு நம் தட்டோடு இருக்கட்டும்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் ஊர் என்பது யார்? இன்னும் பத்தாண்டில் வாழ்த்துரைக்கும் இடத்திலும், வினா எழுப்பும் இடத்திலும் இருக்கப்போகிறவர்கள் நாமே. பிறர் வாயை மூட நம்மால் ஆகாது; நம் வாயைக் காக்க ஆகும். படித்தவர்களிடம் நாடு எதிர்பார்ப்பதில் இது மிகச் சிறியது. அதையேனும் நாம் செய்தாக வேண்டும்.