சாண்டோரினிக்கு நாலு நாள் போகலாமா?

வெளிநாட்டுச் சுற்றுலா என்பது ஒரு காலத்தில் பெரிய அதிகாரிகளுக்கும் வியாபாரிகளுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. இன்று அந்த நிலை மாறிவிட்டது. மாதத் தவணையில் பணம் கட்டி ஐரோப்பாவைப் பார்த்து வரலாம் என்று சுற்றுலா நிறுவனங்கள் கூவி அழைக்கின்றன. அலுவலகங்களில் வேலை பார்க்கும் நம்மவர்களும், பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கிய குடும்பத்தினரும் அந்த அழைப்பை ஏற்கத் தொடங்கியிருக்கின்றனர். உழைத்துச் சேர்த்த பணத்தில் உலகத்தைப் பார்ப்பதில் தவறொன்றும் இல்லை. எப்படிப் பார்ப்பது என்பதில்தான் கொஞ்சம் யோசனை வேண்டும்.

இந்த விளம்பரங்களில் தவறாமல் இடம் பெறும் படம் ஒன்று உண்டு. வெள்ளைச் சுவர்கள், நீலக் குவிமாடம், கீழே ஆழமான கடல். அது கிரீஸ் நாட்டின் சாண்டோரினித் தீவு. கிரேக்கர்கள் தீரா என்றும் சொல்வார்கள். பரப்பளவு சுமார் 76 சதுர கிலோமீட்டர். நிரந்தரமாக வாழ்பவர்கள் 15,000 பேருக்குச் சற்று அதிகம். ஆனால் 2023ஆம் ஆண்டில் அங்கே வந்து போனவர்கள் ஏறத்தாழ 34 லட்சம் பேர் எனக் கணக்கிடப்பட்டிருக்கிறது. சின்னஞ்சிறு ஊரில் நாள்தோறும் தேர்த் திருவிழா நடந்தால் எப்படி இருக்கும் என்று வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இவர்களில் கணிசமானோர் சொகுசுக் கப்பலில் வந்து சில மணி நேரம் மட்டுமே இறங்கிப் போகிறவர்கள். அந்தச் சில மணி நேரம் எப்படிக் கழிகிறது? பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. படகில் பழைய துறைக்கு வர வேண்டும். அங்கிருந்து செங்குத்தான மலை விளிம்பின் மேல் இருக்கிறது தலைநகரான ஃபீரா. ஏறுவதற்குக் கிட்டத்தட்ட 600 படிகள். அல்லது கோவேறு கழுதை. அல்லது கம்பியில் தொங்கும் இழுவைப் பெட்டி. கூட்ட நாளில் பெட்டிக்கான வரிசையிலேயே நேரம் போய்விடும். மேலே போய், அரை மணி நேரம் பஸ்ஸில் சென்று, படங்களில் வரும் ஈயா என்ற ஊரை அடைந்து, நெரிசலில் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு, மறுபடி வரிசையில் நின்று கீழே இறங்க வேண்டும். அவசரக் கோலம் அள்ளித் தெளித்தது என்பார்களே, அதுதான் இது.

இதனால் தீவுக்கு என்ன லாபம்? கப்பல் பயணியின் படுக்கையும் கப்பலில், சாப்பாடும் கப்பலில். தீவுக்கு மிஞ்சுவது நெரிசலும் குப்பையும்தான். 2024 ஜூலையில், கப்பல் கூட்டம் மிகுந்திருந்த ஒரு நாளில், உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவர் சொந்த ஊர் மக்களையே நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த அறிவிப்பு நீக்கப்பட்டது. விருந்தாளி வருகிறார், வீட்டுக்காரர் உள்ளே இருக்கட்டும் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? 2025 முதல் கப்பலில் வருவோர் நாளொன்றுக்கு 8,000 பேருக்கு மேல் போகக் கூடாது என வரம்பு கட்டியிருக்கிறார்கள். அதே ஆண்டு ஜூலை முதல், கோடைக் காலத்தில் கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொருவருக்கும் 20 யூரோ கட்டணமும் விதிக்கப்பட்டது. காலம் கடந்தாலும் சரியான நடவடிக்கைகளே.

சுற்றுலா இல்லாவிட்டால் அந்தத் தீவு எப்படிப் பிழைக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே ஆறு கிடையாது. மழையும் சொற்பம். முன்பு மழை நீரைத் தொட்டியில் சேர்த்து வாழ்ந்தார்கள். இன்று கடல் நீரை உப்பு நீக்கிக் குழாயில் விடுகிறார்கள். 1956 ஜூலை 9ஆம் தேதி வந்த பெரும் பூகம்பத்தில் 50 பேருக்கு மேல் மாண்டனர். வீடுகள் இடிந்தன. ஏராளமானோர் ஏதென்ஸுக்கும் பிற இடங்களுக்கும் பிழைப்புத் தேடிக் கிளம்பினார்கள். சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நம் வாசகர்களுக்கு அந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. சுற்றுலா வந்த பிறகே அங்கு மீண்டும் காசு புழங்கியது. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்தக் காசுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஈயாவில் கப்பல் தலைவர்களின் மாளிகைகள் மேட்டில் இருந்தன. மாலுமிகளும் ஏழைகளும் எரிமலைச் சாம்பல் மண்ணைக் குடைந்து செய்த குகை வீடுகளில் குடியிருந்தார்கள். அந்தக் குகை வீடுகள்தாம் இன்று தீவிலேயே விலை உயர்ந்த விடுதி அறைகளாக மாறியிருக்கின்றன. தண்ணீருக்குத் தவித்த ஊரில் அறைக்கு அறை நீச்சல் குளம்! கோடையில் வேலைக்கு வரும் சிப்பந்திகளுக்கும், மாற்றலாகி வரும் ஆசிரியர்களுக்கும் கட்டுப்படியாகும் வாடகையில் தங்க இடம் கிடைப்பது அரிதாகிவிட்டது. பெரிய நகரங்களில் ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்கி வேலைக்குப் போன அனுபவம் உள்ளவர்கள், அங்கே காப்பி கொண்டு வந்து வைக்கும் பையன் இரவில் எங்கே படுக்கிறான் என்று ஒரு கணமாவது நினைப்பார்கள்.

ஆகவே போகவே கூடாது என்பதல்ல நம் கருத்து. கைவசம் நாலு நாள்தான் இருக்கிறதென்றால், நாலு தீவுகளைத் தொட்டுவிட்டு வர ஆசைப்படாமல் ஒரே தீவில் மூன்று இரவு தங்குங்கள் என்கிறோம். தங்குகிறவரின் பணம் ஊர்க் கடைக்கும் ஊர் உணவு விடுதிக்கும் போகும். அவரும் எதையேனும் உருப்படியாகப் பார்த்திருப்பார்.

நாலு நாள் விடுப்பில் ஊருக்குப் போனால் இரண்டு நாள் ரயிலிலேயே கழிந்துவிடும் என்பதை அறியாதவர்களா நாம்? அங்கும் அதே கணக்குத்தான். ஏதென்ஸிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரப் பயணம். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் என்றால் வேகத்தைப் பொறுத்து 5 முதல் 8 மணி நேரம். ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி என்னும் வடகாற்று பலமாக வீசும். சில நாட்களில் கப்பலே புறப்படாது. எனவே தீவிலிருந்து திரும்பும் நாளன்றே இந்தியாவுக்கு விமானச் சீட்டு எடுப்பது ஆபத்து. நடுவே ஓர் இரவு ஏதென்ஸில் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

விசா விஷயத்திலும் முன்யோசனை தேவை. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுச் செய்யலாம். கடைசி 15 நாளுக்குள் போய் நின்றால் பயனில்லை. பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும்.

மே மாதமோ அக்டோபரோ போனால் வெயிலும் தணிந்திருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். ஃபீராவிலிருந்து ஈயாவுக்கு மலை விளிம்பு வழியே சுமார் 10 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. காலையில் கிளம்பினால் மூன்று, நாலு மணி நேரத்தில் போய்விடலாம். ஒரு நாளை அக்ரோத்திரிக்கு ஒதுக்குங்கள். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்துச் சாம்பலில் புதைந்த நகரம் அது. 1967இல் ஸ்பிரிடோன் மரினாட்டோஸ் அங்கே அகழாய்வைத் தொடங்கினார். மாடி வீடுகளும் கழிவு நீர்ச் சாக்கடையும் வெளிப்பட்டன. அங்கே கிடைத்த சுவரோவியங்கள் சில ஃபீரா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மரக்கறி உண்பவர்களும் பயப்பட வேண்டாம். ஃபாவா என்று நம் கடைந்த பருப்பைப் போன்ற ஒரு பதார்த்தமும், தக்காளியில் சுட்ட வடை போன்ற ஒன்றும் அந்த மண்ணின் சாப்பாடு.

சுமை தாங்காத கழுதை மேல் ஏறிப் படிகளைக் கடப்பதைத் தவிருங்கள். 2018இல் கிரேக்க அரசே அதற்கு 100 கிலோ அல்லது அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என எல்லை விதித்தது. குவிமாடங்கள் கோயில்களுக்கு உரியவை. அவற்றின் மேல் ஏறிப் படம் எடுப்பது முறையல்ல. 2025 ஜனவரி, பிப்ரவரியில் தொடர்ந்து நில அதிர்வுகள் வந்தபோது 11,000 பேருக்கு மேல் தீவை விட்டு வெளியேறினர். கிளம்பும் முன் அங்குள்ள அரசின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வதும் நல்லது.

இத்தனைக்கும் நேரமோ பணமோ இடம் தரவில்லை என்றால், பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வையுங்கள். அல்லது கூட்டமில்லாத வேறொரு கிரேக்கத் தீவைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்து மேசைக்காரர் போய் வந்தார் என்பதற்காகக் கடன் வாங்கி ஓடி, வரிசையில் நின்றுவிட்டுத் திரும்புவதைவிட அது எவ்வளவோ மேல்.