எண்ணெய்க் கம்பெனியும் கமுதி வெயிலும்

பெட்ரோல் விற்பவர் வெயிலை விலைக்கு வாங்குவரோ? வாங்கத்தான் செய்கின்றனர். அதுவும் நம் தமிழ்நாட்டு வெயிலை!

இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-ஆம் ஆண்டு அதானி நிறுவனத்தார் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஒன்றை எழுப்பினர். ஏறத்தாழ 2,500 ஏக்கர் நிலம்; 25 இலட்சம் தகடுகள். 8,500 பேர் உழைத்து எட்டே மாதங்களில் முடித்ததாக அந்நாளில் பெருமையுடன் பேசப்பட்டது. முடிந்தபின் அத்தனை பேருக்கும் அங்கே வேலை ஏது? தகட்டின் தூசியைத் துடைப்பதும் இயந்திரமே.

பிரான்சு நாட்டு எண்ணெய்க் கம்பெனியாகிய டோட்டல், இந்நிலையத்தை உடைய அதானி கிரீன் எனர்ஜியின் 20 சதவிகிதப் பங்கை 2021-இல் வாங்கிற்று. சாஃப்ட் என்னும் பேட்டரிக் கம்பெனியை 2016-லேயே அது வாங்கியிருந்தது. எனினும் அதன் வருவாயில் பெரும்பகுதி இன்றும் எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்துமே வருகிறது என்பதை வாசகர்கள் மறத்தலாகாது.

எண்ணெய் வணிகருக்கு வெயில்மேல் ஏன் இத்துணை விருப்பம்? எண்ணெய் விலை ஏறும், இறங்கும். மின்சார ஒப்பந்தத்து விலையோ அசையாது. கமுதி மின்சாரத்தை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு வீதம் 25 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்வதாக நம் மின்வாரியம் 2015 ஜூலையில் கையெழுத்திட்டது. இரண்டே ஆண்டுகளில், 2017 மே மாதம், இராஜஸ்தானத்துப் பட்லாவில் ஏலம் 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. 2015-இல் தகடுகள் விலை மிகுந்திருந்தன என்பது மெய்யே. ஆதலின் அன்றைய விலையை நாம் குறைகூறோம். ஓர் ஆண்டின் விலையைக் கால் நூற்றாண்டுக்கு நீட்டியதே நம் மனத்தை உறுத்துகிறது. வாரியத்தின் சுமை இறுதியில் யார் தலையில் இறங்கும் என்பதை மின்கட்டண இரசீதைக் கையில் வைத்திருப்போர் அறிவர்.

அமெரிக்காவில் அதானி மீது குற்றச்சாட்டு எழுந்ததும், அது தெளிவுபடும் வரையில் அங்கே புதிதாகப் பணம் இடுவதில்லை என 2024 நவம்பரில் டோட்டல் அறிவித்தது. முதலீட்டாளர் கையை இழுத்துக்கொள்ளலாம். கையெழுத்திட்ட வாரியத்துக்கு அந்த வசதி இல்லை.

நிற்க. சேக்காட்டிலும் பட்டாபிராமிலும் நாம் விளக்கேற்றிச் செபமாலைக்கு அமரும் நேரத்தில் கமுதித் தகடுகள் உறங்கிவிடுகின்றன. பகல் மின்சாரத்தை இரவுக்குக் காப்பது பேட்டரியே. மின்வெட்டுக் காலத்தில் இன்வர்ட்டர் வாங்கிய குடும்பங்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. (டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்தால் அது கைவிடும் என்பதையும் இல்லத்தலைவியர் நன்கறிவர்.) அதே வேலையை ஒரு மாநிலத்துக்கே செய்ய வல்ல பெரும் பேட்டரி நிலையங்களுக்கு இப்போது ஏலங்கள் விடப்படுகின்றன, நீண்டகால ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. பேட்டரியின் விலையும், அன்று தகட்டின் விலை இறங்கியதுபோல, ஆண்டுக்கு ஆண்டு இறங்கி வருகிறது. எண்ணெய்க் கம்பெனியார் வரட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால், விலை இறங்கினால் கட்டணமும் இறங்க வேண்டும் என்னும் ஒரு வரியேனும் இவ்வொப்பந்தங்களில் இடம்பெறுமா? கமுதி ஒப்பந்தம் முடிய 2041 வரை காத்திருக்க வேண்டும்.